மாஸ்டர்ஸ் கடைசிச் சுற்று: அப்பாவுக்கான பதிவு பாதியில் நின்றது, இந்த முறை என்ன செய்வது?

ஈசூன் மகன் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். எனக்கு கோல்ஃப் தெரியாது. என் சந்தேகம் செட் டாப் பாக்ஸைப் பற்றியது, ஆனால் கதையைச் சொன்னால்தான் புரியும்.

அப்பாவுக்கு 71 வயது. இங்கே சிங்கப்பூரில் ஒரு கோல்ஃப் கிளப்பில் இருபத்தாறு வருஷம் புல்தரைப் பராமரிப்பு வேலை. மட்டையைப் பிடித்து ஒரு பந்து அடித்ததில்லை, ஆனால் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கும் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்துப் புல்லைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். "கிரீன் முழுக்க பென்ட் புல்லுடா, நம்ம வெயிலுக்கு அது ஒரு வாரம் நிக்காது" என்று என் மகளுக்கே பாடம் நடந்திருக்கிறது (கிரீன் என்றால் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையாம்). முன்பெல்லாம் மாஸ்டர்ஸ் கடைசிச் சுற்றுக்கு விடிகாலை இரண்டரைக்கு எழுந்து, ஒரு கோப்பி ஓ போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இரத்த அழுத்தம் வந்த பிறகு, ராத்தூக்கம் கெடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பதிவு செய்து பகலில் பார்ப்பது என்று முடிவானது.

போன வருஷம், அதாவது 2025இல், கடைசிச் சுற்று இங்கே ஏப்ரல் 14 திங்கள் காலையில் வந்தது. சித்திரை முதல் நாள். கைப்பேசியை அணைத்து அலமாரியில் வைத்தார். கோயில், வேப்பம்பூப் பச்சடி, வடை, பாயசம் எல்லாம் முடித்து மதியம் இரண்டு மணிக்குப் பதிவைப் போட்டார். ஐந்து மணி நேரம் நகரவில்லை. பதினெட்டாவது குழி. ஆட்டக்காரர் ரோரி மெக்கில்ராய் ஐந்தடி பட்டுக்கு, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடிக்கு, குனிகிறார், விழுந்தால் பட்டம். அந்த இடத்தில் திரை கறுத்து "பதிவு முடிந்தது" என்று வந்தது.

அப்பா சிரித்துக்கொண்டே எழுந்தார். "இத்துனூண்டு தூரம், போட்டிருப்பான்." சாப்பிட்டுவிட்டுக் கீழ்த்தளத்துக்குப் போனபோது, கூட வேலை பார்த்த சீன நண்பர் "பிளேஆஃப் எப்படி?" என்று கேட்டிருக்கிறார். அதாவது அந்த பட்டு விழவில்லை, சமநிலையாகி வெற்றியாளரைத் தீர்மானிக்க ஆட்டம் நீண்டிருக்கிறது. அப்பா மேலே வந்து என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. யூடியூபில் அந்தத் துண்டைக் காட்டுகிறேன் என்றேன். "இலையை மூடி எழுந்த பிறகு பாயசம் ஊற்றாதே" என்றார். இன்றுவரை பார்க்கவில்லை.

இந்த வாரம் மறுபடி மாஸ்டர்ஸ். பதிவு அறுந்துபோகாமல் இருக்க என்ன செய்வது? மதியம் வரை முடிவு அவர் காதில் விழாமல் இருக்க என்ன வழி?

செங்காங் சேது | செவ்வாய், இரவு 9.58

ஒரு நாள்தானே, எழுந்து பார்க்கட்டும் அண்ணே. டாக்டருக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

ஈசூன் மகன் | செவ்வாய், இரவு 10.03

அம்மா சொல்வார்.

ரிமோட் மெக்கானிக் | செவ்வாய், இரவு 10.31

பெட்டியில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை. அது நிகழ்ச்சி அட்டவணையில் போட்டிருக்கும் முடிவு நேரத்தை நம்பிப் பதிகிறது. கோல்ஃபில் விசில் ஊதி யாரும் நிறுத்துவதில்லை. நான்கு சுற்றும் சேர்த்து 72 குழி முடிந்து சமநிலை என்றால் ஆட்டம் தொடரும், பெட்டிக்கு அது தெரியாது.

மாஸ்டர்ஸில் பிளேஆஃப் ஒவ்வொரு குழியாக நடக்கும்: முதலில் 18, அப்புறம் 10, மறுபடி 18. யார் முந்துகிறாரோ அவருக்கு வெற்றியாளரின் பச்சைக் கோட்டு. 2025இல் ஒரே குழியில் முடிந்தது, ஆனால் அதற்கே ஆட்டக்காரர்களை மறுபடி டீக்கு (முதல் அடி அடிக்கும் இடம்) கூட்டிப்போய் அடிக்கவிட்டு கிரீனுக்கு வர நேரம் ஆகத்தானே செய்யும்? அதனால் பதிவு அமைப்பில் "முடிவை நீட்டி" என்பதுபோல ஒன்று இருக்கும், அதில் இருப்பதிலேயே அதிகமானதைப் போடுங்கள். எங்கள் வீட்டுப் பெட்டியில் 2 மணி நேரம் வரை போகும். அதே சேனலில் அடுத்து வரும் நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதியுங்கள். ஹார்ட் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

இன்னொன்று. அகஸ்டாவுக்கும் நமக்கும் ஏப்ரலில் சரியாக 12 மணி நேரம். அங்கே ஞாயிறு பிற்பகல் இரண்டரை, நமக்குத் திங்கள் விடிகாலை இரண்டரை. அட்டவணையில் 13ஆம் தேதியைத் தேர்ந்தெடுங்கள். "ஞாயிறு கடைசிச் சுற்று" என்ற பெயரைப் பார்த்து 12ஆம் தேதி விடிகாலையைப் பதிந்துவிட்டு, சனிக்கிழமை ஆட்டத்தை இறுதிச் சுற்று என்று நினைத்துப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். சரி, அது நான்தான்.

பழைய கேடி | புதன், காலை 7.15

தம்பி, முடிவை மட்டும் நீட்டினால் போதாது. தொடக்கத்தையும் முன்னே இழுக்க வேண்டும். 2019இல் புயல் மழை வரப்போகிறது என்று அகஸ்டாவில் கடைசிச் சுற்றைக் காலையிலேயே தொடங்கிவிட்டார்கள். இரண்டிரண்டு பேராக இல்லை, மூன்று மூன்று பேராக. டைகர் வுட்ஸ் கடைசி பட்டைப் போட்டு மகனைக் கட்டிப்பிடித்தபோது நமக்கு மணி ஏறக்குறைய இரண்டரை. வழக்கம்போல மூன்று மணிக்கு அலாரம் வைத்திருந்தேன். எழுந்து டிவியைப் போட்டால் கோட்டுப் போட்டாகிவிட்டது. 43 வயதில் அவர் 15ஆவது மேஜர் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) வெல்கிறார், நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த மாற்றத்தை முந்தின நாளே அறிவித்துவிட்டார்கள். அதனால் ஞாயிறு காலை பசியாறும்போது தொடக்க நேரப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். நீங்கள் பாருங்கள், அப்பா வேண்டாம்.

பிடோக் அக்கா | புதன், காலை 11.20

முடிவு தெரியாமல் இருக்க: கைப்பேசியை அலமாரியில் வைத்தது சரி, ஆனால் உங்கள் கைப்பேசி? பேத்தியின் டேப்லெட்? எங்கள் வீட்டில் என் கணவருக்கு 2024 ஓப்பன் (பிரிட்டனில் நடக்கும் மேஜர்) முடிவைச் சொன்னது மகனின் கைக்கடிகாரம். சாப்பாட்டு மேசையில் "ஷாஃப்லே வென்றார்" என்று மினுக்கியது. செய்திச் செயலிகளின் அறிவிப்பை எல்லோருமே நிறுத்துங்கள். மறுநாள் புத்தாண்டு என்பதால் திங்கட்கிழமையே வாட்சாப் குழுக்களில் வாழ்த்து குவியும், அதற்கு நடுவில் எவராவது போட்டுவிடுவார்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். திரையின் அடியில் எவ்வளவு நேரம் மிச்சம் என்று ஒரு கோடு ஓடுமே, அதுவே முடிவைச் சொல்லிவிடும். பதினெட்டாவது குழிக்கு வந்தும் ஒன்றரை மணி நேரம் மிச்சம் என்றால் பிளேஆஃப் என்று குழந்தைக்கும் புரியும். மூன்று நிமிடம்தான் மிச்சம் என்றால் அதுவும் செய்திதான். ரிமோட் மெக்கானிக் சொன்னதுபோல இரண்டு மூன்று மணி நேரம் கூட்டிப் பதிந்தால் இந்தத் தொல்லையும் போகும், ஏனென்றால் மிச்சம் எப்போதும் நிறைய இருக்கும்.

செங்காங் சேது | புதன், பகல் 12.05

அக்கா, நீங்கள் போலீஸில் இருந்திருக்க வேண்டும்.

ஈசூன் மகன் | வெள்ளி, காலை 8.10

எல்லோருக்கும் நன்றி. வியாழன் சுற்று இங்கே வெள்ளி விடிகாலை என்பதால் அதை வைத்துச் சோதனை செய்தேன். 1 மணிக்குத் தொடங்கி 10 மணி வரை பதியச் சொல்லியிருந்தேன். எழுந்து பார்த்தால் 7 மணிக்கே நின்றிருக்கிறது! நீட்டியும் ஏன்?

ரிமோட் மெக்கானிக் | வெள்ளி, காலை 8.34

சரியாக 7.00 மணிக்கா? அப்படியானால் வேறு ஏதோ ஒரு பதிவு 7 மணிக்குத் தொடங்கியிருக்கிறது. பதிவுப் பட்டியலைத் திறந்து, தொடர் பதிவில் என்னென்ன கிடக்கிறது என்று பாருங்கள். பல பெட்டிகள் ஒரே நேரத்தில் இரண்டைத்தான் பதியும்.

ஈசூன் மகன் | வெள்ளி, காலை 8.52

அட கடவுளே. அம்மாவின் பக்திப் பாடல் நிகழ்ச்சி 6 மணிக்கு, ஒன்றரை மணி நேரம். மகளின் கார்ட்டூன் 7 மணிக்கு. இரண்டும் தினசரித் தொடர் பதிவு. கோல்ஃபும் பக்தியும் ஓடிக்கொண்டிருக்கும்போது கார்ட்டூன் வந்ததும், பெட்டி யாரையும் கேட்காமல் கோல்ஃபை வெட்டியிருக்கிறது. ரோரி அந்த பட்டுக்குக் குனிந்ததும் நம் நேரப்படி ஏழு மணிவாக்கில்தானே? போன வருஷமும் இதே கதைதானா?

ரிமோட் மெக்கானிக் | வெள்ளி, காலை 9.05

நிறைய வாய்ப்பிருக்கிறது. என் முதல் பதிலில் அட்டவணைமேல் பழியைப் போட்டேன், பாதிதான் சரி. திங்கள் காலைக்கு மட்டும் கார்ட்டூனை நீக்குங்கள். கோல்ஃபை நிகழ்ச்சிப் பெயரை வைத்துப் பதியாமல், சேனல், தேதி, நேரம் மூன்றையும் கையால் போட்டுப் பதியுங்கள். முன்னுரிமை என்று இருந்தால் கோல்ஃபுக்கு முதலிடம் கொடுங்கள். மகள் அழுவாள், அது உங்கள் பாடு.

பழைய கேடி | வெள்ளி, பகல் 1.30

தம்பி, இது மாஸ்டர்ஸோடு போகாது. மற்ற மூன்று மேஜர்களில் பிஜிஏ சாம்பியன்ஷிப்பும் ஓப்பனும் சமநிலையானால் மூன்று குழி ஆடி அடிகளின் கூட்டுக் கணக்கு, யுஎஸ் ஓப்பன் இரண்டு குழி, அதிலும் சமன் என்றால் இன்னும் போகும். இந்த வருஷம் மேயில் பிஜிஏ ஆரோனிமிங்க் மைதானத்தில், ஜூனில் யுஎஸ் ஓப்பன் ஷின்னகாக் ஹில்ஸில், இரண்டும் அமெரிக்கக் கிழக்குக் கரை, இதே 12 மணி நேரம்தான். ஜூலை ஓப்பன் இங்கிலாந்தில், ராயல் பர்க்டேலில். அதற்கு 7 மணி நேர வித்தியாசம், நள்ளிரவு தாண்டி ஒன்று இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். அதையாவது டாக்டரிடம் கேட்டு நேரடியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈசூன் மகன் | சனி, இரவு 9.15

இன்றைய சோதனை 10 மணி வரை முழுதாகப் பதிந்திருக்கிறது. கார்ட்டூனை நீக்கியதற்கு மகள் ஒரு கின்டர் முட்டை வாங்கிக்கொண்டாள். அப்பா மதியம் இரண்டாம் சுற்றைப் பார்த்தார். யார் முன்னணி என்று கவனித்ததாகவே தெரியவில்லை. பன்னிரண்டாவது கிரீனைக் காட்டும்போதெல்லாம் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சீன நண்பர் பிரச்சினையும் தீர்ந்தது. அப்பாவே கீழே போய்ப் பேசியிருக்கிறார். திங்கள் மதியம் அவரும் எங்கள் வீட்டுக்கே வந்து பதிவைப் பார்க்கிறாராம், அதுவரை கைப்பேசியைத் தொடமாட்டாராம். கறிபஃப் அவர் செலவு.