தூணுக்கும் பக்கத்து வண்டிக்கும் நடுவில் 2.4 மீட்டர்: எப்படி நிறுத்துவது, எப்படி இறங்குவது?

வெள்ளைக்கோடு (கேள்வி):
அடுக்குமாடியின் தரைத்தளத்தில் எனக்கு ஒதுக்கியிருக்கும் இடம், தூணின் முகத்திலிருந்து அடுத்த கோடு வரை 2.4 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். முன்பக்கமாக நுழைத்தால் தூண் இடப்பக்கம் வரும். அது பாதையிலிருந்து அரை மீட்டர் உள்ளே ஆரம்பிக்கிறது, 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். கார் 4 மீட்டர் நீளம், 1.74 மீட்டர் அகலம். ஸ்டியரிங் வலப்பக்கம்.

வலப்பக்க இடத்துக்காரர் தினமும் கோட்டை ஒரு சாண் தாண்டி, கோணலாக விட்டுவிட்டுப் போகிறார். இறங்க முடிவதில்லை. வலது முன்கதவில் இரண்டு ஒடுக்கு விழுந்திருக்கிறது. இடது பின்கதவில் தூண் உரசிய கீறல். எரிச்சல் தாங்கவில்லை. அவரிடம் சொல்வதற்கு முன், என் பக்கம் மாற்றக்கூடியது ஏதாவது உண்டா?

ரிவர்ஸ்லைட்:
உண்டு. ரிவர்ஸில் விடுங்க. அப்போ தூண் உங்க வலப்பக்கம் வந்துடும், அவர் வண்டி இடப்பக்கம் போயிடும். இறங்குற கதவு அவர் பக்கம் இல்லாம தூண் பக்கம் திறக்கும். தூண்னா பயப்படாதீங்க. உங்க தூண் பாதையோரமா இருக்குறதால முன் பம்பர் பக்கத்துலதான் நிக்கும். கதவு அதுக்கு நல்லா பின்னால தள்ளி இருக்கு. தூண் வரிசைக்கு நடுவுல இருக்குற அந்த 30 செ.மீ.ல யாரும் வண்டி விட முடியாது, அது முழுக்க உங்க கதவுக்குத்தான்.

கணக்கு போட்டுப் பாருங்க. 240லிருந்து கார் 174 போனா 66 மிச்சம். அவர் 20 எடுத்துக்கிட்டாலும் 46. அவர் வண்டிக்கு 12 விட்டா தூண் பக்கம் 34, அதோட அந்த 30, ஆக 64 செ.மீ. சராசரி உடம்புக்காரர் இறங்க 55, 60 போதும். கூட வர்றவங்களை மட்டும் பாதையிலேயே இறக்கி விட்டுடுங்க.

விடுற முறை: இடம் உங்க வலப்பக்கம் வர்ற மாதிரி பாதையில வாங்க, தூண்லேருந்து ஒரு மீட்டருக்குச் சற்று கூடுதலா விலகி. தூணைத் தாண்டுனதும் இடப்பக்கம் ஒடிச்சு, மூக்கு வெளியே போய் பின்பக்கம் இடத்தைப் பார்க்குற மாதிரி நிறுத்துங்க. வலது கண்ணாடியை, பின் டயர் தரையைத் தொடுற இடம் தெரியுற வரைக்கும் கீழே இறக்குங்க. இதுதான் முக்கியம், கேமராவைவிட இது நம்பகமானது. மெதுவா ரிவர்ஸ் எடுத்து, பின் டயர் தூண் மூலைக்கு நேரா வந்ததும் வலப்பக்கம் முழுசா ஒடிங்க. டயருக்கும் தூணுக்கும் நடுவுல ஒண்ணேகால் சாண் தெரியணும். அது அரைச்சாணா குறைஞ்சா உள்ளேயே இடப்பக்கம் ஒடிச்சுச் சரிபண்ணப் பார்க்காதீங்க. பின்பக்கம் விலகும், ஆனா மூக்கு தூணை நோக்கி வரும். நிறுத்தி, முன்னால எடுத்து, மறுபடி வாங்க.

வெளியே எடுக்கும்போது பின்கதவு தூணைத் தாண்டுற வரைக்கும் ஸ்டியரிங் நேரா இருக்கணும். முன்சக்கரம் போன தடத்துல பின்சக்கரம் போகாது, உள்வளைவை வெட்டிக்கிட்டு வரும். உங்க இடது பின்கதவுக் கீறல் அப்படித்தான் விழுந்திருக்கும்.

ஸ்டாப்பர்:
மேலே சொன்னது சரி. இரண்டு சேர்க்கிறேன்.

சுவரில் மோதிவிடும் பயத்தில் பலர் மூக்கைப் பாதையில் நீட்டி விட்டுவிடுகிறார்கள். ரப்பர் வீல் ஸ்டாப்பர் (டயரைத் தடுத்து நிறுத்தும் தரைக்கட்டை) இரண்டு வாங்கிப் பதியுங்கள். பின் டயர் ஸ்டாப்பரைத் தொடும் புள்ளியிலிருந்து பம்பர் நுனி வரை அளந்து, அதோடு 25 செ.மீ. கூட்டி, சுவரிலிருந்து அவ்வளவு தள்ளிப் போடுங்கள். துளை போடுமுன் தரைக்கடியில் வயரோ பைப்போ போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பம்பர் சென்சார் தாழ்வான ஸ்டாப்பரையும் மெல்லிய கம்பியையும் தவறவிடும். கேமராக் கோடுகள் தரைமட்டத்துக்குப் போட்டவை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பைப் அதில் தூரமாகத் தெரியும், உண்மையில் கிட்டத்தில் இருக்கும்.

அந்தப் பக்கத்துக்காரர் விஷயம். கோணலாக நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், ஒரே ஒடிப்பில் நுழைந்து, பின்பக்கம் நேராகுமுன்னே எஞ்சினை அணைத்துவிடுவது. தரைக்கோடு ஓட்டுநர் கண்ணுக்கு அந்த நேரத்தில் தெரியாது. அவர் சம்மதித்தால், அவர் இடத்து எதிர்ச்சுவரில், வண்டி நடுவில் நேராக நிற்கும்போது ஸ்டியரிங்குக்கு நேரே வருகிற இடத்தில் ஒரு பட்டை ஒட்டுங்கள். முன்பக்கமாக நுழைகிறவருக்கு அதைவிட நல்ல குறி இல்லை. "சரியாக நிறுத்துங்கள்" என்றால் சண்டைதான் வரும். "இந்தப் பின்சக்கரம் மட்டும் கோட்டுக்கு உள்ளே வரட்டும்" என்று, டயரும் கோடும் தெரியும் படத்தோடு கேளுங்கள்.

டிங்கரிங்மேசை:
ஒடுக்கு பற்றி. நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டவில்லை, பெயின்டும் வெடிக்கவில்லை என்றால் பெயின்ட் அடிக்காமலே உள்ளிருந்து தள்ளி எடுத்துவிடலாம். கதவு விளிம்பிலோ மடிப்புக் கோட்டிலோ விழுந்த ஒடுக்கு முழுசாகப் போவது கடினம். தகரம் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், துரு உள்ளே ஓடும். டச்-அப் பெயின்டாவது உடனே வையுங்கள். கதவு விளிம்புக்கு ரப்பர் காப்புப் பட்டை போட்டால் அது அடுத்தவர் வண்டியைத்தான் காக்கும். இரண்டு பேரும் போட்டால்தான் இருவருக்கும் பலன்.

வெள்ளைக்கோடு:
நன்றி. ரிவர்ஸ் விஷயம் தோன்றவே இல்லை. இன்னொன்று: விருந்தாளிகள் பாதையில் குறுக்கே விட்டுவிட்டு, "நியூட்ரலில் போட்டிருக்கு, தள்ளிக்கோங்க" என்கிறார்கள். தள்ளலாமா?

ரிவர்ஸ்லைட்:
தரை மட்டமா இருந்தா மட்டும், ஹேண்ட்பிரேக் இறக்கியிருந்தா மட்டும். லேசான சரிவுகூட வேண்டாம். நகர ஆரம்பிச்ச வண்டியை வெளியில இருந்து கையால நிறுத்த முடியாது. தள்ளுறதா இருந்தா டிக்கி மூடியோட நடுவுல கை வைக்காதீங்க, தகரம் குழியும். ஓரத்துல, விளக்குக்குப் பக்கத்துல வைங்க. முன்சக்கரம் திரும்பியிருந்தா வண்டி வளைஞ்சுதான் போகும். ஸ்டியரிங் லாக் விழுந்திருக்கும், வெளியில இருந்து நேராக்க முடியாது, அதனால தொடாதீங்க. ஆட்டோமேட்டிக் பலதுலயும், எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் (பட்டன்ல போடுற ஹேண்ட்பிரேக்) இருக்குற பல வண்டியிலயும், எஞ்சினை அணைச்சதும் சக்கரம் தானாப் பூட்டிக்கும். அதை எத்தனை பேர் சேர்ந்தும் தள்ள முடியாது. அப்படி விடுறவங்க சாவியையோ, கண்ணாடிக்குள்ள ஃபோன் நம்பரையோ வச்சுட்டுத்தான் போகணும். அதை வாசல்லயே செக்யூரிட்டி கேட்டு வாங்கச் சொல்லுங்க.