டிரெய்லர் இழுக்கும் பிக்கப், லாரி: பின் சஸ்பென்ஷனில் என்ன மாற்றினீர்கள்?

துவாஸ் பிக்கப்:

கம்பெனி ஹைலக்ஸில் ஏர் கம்ப்ரசரை இழுத்துக்கொண்டு சைட்டுக்குச் சைட் அலைவதுதான் என் வேலை. 185 சிஎஃப்எம் கம்ப்ரசர், 900 கிலோ பக்கம் வரும். டிரெய்லரில் ஓவர்ரன் பிரேக் இருக்கிறது, பிக்கப் வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் தள்ளுகிற விசையிலேயே பிடிக்கிற பிரேக். பிக்கப் பெட்டியில் ஹோஸ், கான்கிரீட் உடைக்கிற பிரேக்கர், உளிகள், டீசல் கேன், அதற்கு மேல் சூப்பர்வைசர் "இதையும் போட்டுக்கோ" என்று ஏற்றிவிடுகிற எல்லாமும். மாட்டியதும் வால் இறங்கி மூக்கு தூக்கிக்கொள்ளும். இரவில் எதிரே வருகிறவர்கள் நான் ஹை பீம் போட்டிருக்கிறேன் என்று நினைத்து லைட் அடித்துக் காட்டுவார்கள். சிங்கப்பூரின் ஏவைஇ எக்ஸ்பிரஸ்வேயில் 70-இல் போனால் ஸ்டியரிங் லேசாகிவிடும். மழையில் அப்படிப் போவது வயிற்றைக் கலக்கும்.

பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக், அதாவது காற்றடிக்கிற ரப்பர் பை, போட்டுவிடலாம் என்பது முதலாளியின் யோசனை. காற்றடித்தால் வால் நிமிர்ந்துவிடும், அது உண்மை. ஆனால் ஸ்டியரிங் லேசானது அதனால் சரியாகாது. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஹைலக்ஸின் வீல்பேஸ் 3,085 மில்லிமீட்டர். டிரெய்லரை மாட்டுகிற டோ பால் பின் ஆக்சிலுக்குப் பின்னால் ஏறக்குறைய 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது. டிரெய்லர் மூக்கு அந்தப் பாலில் 100 கிலோ அழுத்தினால் பின் ஆக்சிலில் ஏறுவது 140 கிலோ பக்கம். கூடுதலான 40 கிலோ முன் ஆக்சிலிலிருந்து வருகிறது, சீசா பலகை மாதிரி. ஏர்பேக் வாலைத் தூக்கும், முன் சக்கரம் இழந்த 40 கிலோவைத் திருப்பித் தராது. ஸ்பிரிங்கை மாற்றினாலும் கதை இதுதான்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் எடை போட்டோம். பழைய இரும்பு எடுக்கும் யார்டுகளில் எடைமேடை இருக்கும், கேட்டுப் பாருங்கள். டிரெய்லரை மாட்டியபடியே முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, டிரெய்லர் மேடைக்கு வெளியே நிற்கப் பிக்கப் முழுவதும் ஏறி ஒரு எடை. கழித்தால் பின் ஆக்சில் எவ்வளவு தூக்குகிறது என்று தெரிந்துவிடும். மூக்கு எடைக்கு வீட்டில் நாம் ஏறி நிற்கிற எடைக் கருவியே போதும். சமதரையில், கொக்கி உயரத்துக்கு டிரெய்லரை வைத்து, ஜாக்கி வீலுக்கு அடியில் ஒரு பலகையோடு அதை வையுங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு மூக்கில் இருந்தால் சரி. மிகவும் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டும்.

எடை பார்த்தபோதுதான் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கவனித்தோம். இறக்க வசதி என்று பிரேக்கர், டீசல் எல்லாவற்றையும் டெயில் கேட் ஓரத்தில் வைத்திருந்தார்கள், அதாவது ஆக்சிலுக்குப் பின்னால். எல்லாவற்றையும் கேபின் சுவரோடு ஒட்டி வைத்தோம். பின் டயரில் காலி வண்டிக்கான காற்றுதான் இருந்தது, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்துச் சுமைக்கான அளவுக்கு ஏற்றினோம். இதற்கு ஒரு காசும் செலவில்லை. ஸ்டியரிங் பாதிக்கு மேல் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

பிறகுதான் ஸ்பிரிங். ஒரிஜினல் ஸ்பிரிங் பட்டைகள் வளைவு போய்த் தட்டையாகிவிட்டதால் செட்டாகவே மாற்றினோம். கடையில் 300 கிலோ, 600 கிலோ என்று இரண்டு வகை காட்டினார்கள். எப்போதும் வண்டியிலேயே இருக்கிற சுமைக்கான எண்கள் அவை. எங்கள் கம்ப்ரசர் ஒரு சைட்டில் விட்டால் வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும், பிக்கப் பாதி நாள் காலியாகத்தான் ஓடுகிறது. அதனால் 300, கூடவே அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பர். இப்போதும் டிரெய்லர் மாட்டினால் வால் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. இறங்கட்டும், அதற்குத்தானே ஸ்பிரிங்.

சுங்கை காடுட் பட்டறை:

தம்பி எடை போட்டுவிட்டு வாங்கியது நல்ல காரியம். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பொருளின் பெயரோடுதான் வருவார்கள். "அண்ணே, ஏர்பேக் மாட்டணும்." பின்னால் எவ்வளவு ஏற்றுகிறாய், எத்தனை நாள் காலியாக ஓடுகிறாய் என்று கேட்டால் பதில் இருக்காது.

ஏர்பேக்கை நான் குறை சொல்லவில்லை. இன்று சுமை, நாளை காலி என்று மாறி மாறி ஓடுகிற வண்டிக்கு அதைவிட வசதியானது இல்லை. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் டி வடிவ இணைப்பு போட்டு ஒரே குழாயில் காற்று கொடுக்காதீர்கள். அப்படி மாட்டிய ஒரு பிக்கப் என்னிடம் வந்தது. எக்ஸ்பிரஸ்வேயை விட்டு இறங்குகிற வளைவில் வெளிப்பக்கத்து பேக்கின் காற்று உள்பக்கத்துக்கு ஓட, வண்டி இன்னும் சாய்கிறது. டிரைவர் அப்சார்பர் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். தனித்தனிக் குழாய் போட்டதோடு சாய்வு நின்றது. காலியாக ஓடும்போதும் 5 பிஎஸ்ஐ அளவுக்காவது காற்று இருக்கட்டும், இல்லாவிட்டால் ரப்பர் மடங்கி நசுங்கும். எக்ஸாஸ்ட் குழாய் பக்கத்தில் போனால் வெப்பத் தடுப்புத் தகடு வேண்டும்.

பெரிய விஷயம் சேசிஸ். பட்டை ஸ்பிரிங் எடையைச் சேசிஸில் இரண்டு இடத்தில் கொடுக்கிறது, முன் ஹேங்கரிலும் பின் ஷாக்கிளிலும், அதாவது பட்டையின் இரண்டு முனைகளைப் பிடிக்கிற இடங்களில். ஏர்பேக் ஆக்சிலுக்கு நேர் மேலே, ஒரே இடத்தில் முட்டுகிறது. பின்னால் பாலில் கனம் தொங்க, நடுவில் பேக் முட்டுக்கொடுத்தால், சேசிஸ் அந்த இடத்தில் மடங்கப் பார்க்கும். ஆஸ்திரேலியாவில் டபுள் கேப் பிக்கப்கள் சேசிஸ் வளைந்து நிற்கும் படங்களை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அங்கே சாலை கரடுமுரடு, இழுப்பதும் பெரிய கேரவன். இங்கே அவ்வளவு மோசமில்லை. என்றாலும் தொழிற்பேட்டை ஹம்ப் (வேகத்தடை) மேல் முழுச் சுமையோடு குதிக்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். 100 பிஎஸ்ஐ வரை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தால் அது பேக் தாங்குகிற அளவு. உங்கள் வண்டியின் எம்எல்டபிள்யூ, அதாவது சுமையோடு சேர்த்து அனுமதித்த உச்ச எடை, அதனால் ஒரு கிலோகூட ஏறாது. பாலில் அழுத்துகிற எடையும் வண்டி சுமக்கிற கணக்கில்தான் சேரும்.

டிம்ப்ரென் கம்பெனியுடையது மாதிரியான ரப்பர் முட்டுகள், ஆக்சில் சேசிஸில் இடிக்காமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் இருக்கும் இடத்தில் உட்காரும். காலியாக ஓடும்போது பெரும்பாலும் அவை வேலைக்கு வருவதில்லை, சுமை ஏறியதும் தாங்கும். காற்றுக் குழாய் இல்லை, கசிவு இல்லை. எப்போதாவது இழுக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கூடுதலாக ஒரு பட்டை செருகுவது மலிவு, ஆனால் தளர்ந்துபோன செட்டில் புதுப் பட்டை ஒன்றைச் செருகினால் பாரம் முழுக்க அதன் தலையில் விழும்.

இதையெல்லாம்விட நான் கத்திக் கத்திச் சொல்வது பிரேக் வால்வைப் பற்றி. பழைய பிக்கப்கள், சின்ன லாரிகள் பலவற்றில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பி, அதன் முனையில் ஒரு வால்வு இருக்கும். எல்எஸ்பிவி என்போம். வால் இறங்கினால் "சுமை இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வால் உயர்ந்தால் காலி வண்டி என்று நினைத்துக் குறைக்கும். நீங்கள் ஸ்பிரிங் மாற்றியோ காற்றடித்தோ வாலைத் தூக்கிவிட்டால் முழுச் சுமையிலும் அது காலி வண்டி என்றே நினைக்கும். முன் பிரேக் பேட் சீக்கிரம் தேய்கிறது, மழையில் நிற்க நேரமாகிறது என்று ஒருவர் வந்தார். வேறு எங்கோ ஸ்பிரிங் உயர்த்தியிருந்தார்கள், கம்பியைத் தொடவே இல்லை. அந்தக் கம்பியைப் புது உயரத்துக்குச் சரிசெய்தாக வேண்டும். பிரேக் அழுத்தத்தை மின்னணு முறையில் முன்னும் பின்னும் பங்கிடுகிற இபிடி உள்ள புது வண்டிகள் பலவற்றில் இந்தக் கம்பி இருக்காது, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் தெரியும்.

கேன்டர் ஓட்டுநர்:

பட்டறை அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஒன்று விட்டுப்போச்சு. பின்னால் ஆட்கள் உட்கார்ந்து வருகிற லாரிக்கு ஸ்பிரிங் மாற்றுகிறவர்கள் அவர்களையும் கேளுங்கள். எங்கள் லாரி ஜென்செட் (ஜெனரேட்டர்) டிரெய்லர் இழுக்கும், மற்ற நேரத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு டார்மிட்டரிக்கும் சைட்டுக்கும் ஓடும். டிரெய்லருக்காக என்று கனமான பட்டை போட்டார்கள். கேபினில் உட்கார்ந்த எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. டெக்கில் வந்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஜென்செட் இல்லாத நாளில் பத்துப் பேர் எடை அந்தப் பட்டைக்கு ஒன்றுமே இல்லை, அசையாமல் நிற்கும். ஈரச் சாலையில் ஹம்ப் தாண்டினால் பின் சக்கரம் குதித்து ஒரு நொடி பிடி விடுகிறது. ஃபோர்மேன் காதில் போட்டோம். ஒரு பட்டையைக் கழற்றி, அப்சார்பரை மாற்றிய பிறகுதான் ஓரளவு உட்கார முடிந்தது. எல்லாவற்றையும்விட, ஆட்களை ஏற்றுகிற வேலையும் டிரெய்லர் இழுக்கிற வேலையும் ஒரே லாரிக்கு வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். கேட்பார்களா என்பது வேறு.

சாங்கி படகு:

நான் இழுப்பது சின்னப் படகு, அதனால் ஸ்பிரிங்கையே தொடவில்லை. டிரெய்லரில் படகை இழுத்துப் பிடிக்கிற வின்ச் கம்பத்தைக் கொஞ்சம் நகர்த்திப் படகைப் பின்னுக்குத் தள்ளியதில் மூக்கு எடை குறைந்து பிக்கப் நிமிர்ந்துவிட்டது. அளவுக்கு மேல் தள்ளினால் ஆட்டம் வரும், எடை பார்த்துத் தள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் இறங்குகிறவர்கள் பிக்கப்பின் பின் பட்டைகளையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், பட்டைக்கு நடுவில் துரு பிடித்தால் கிரீச்சென்று சத்தம் வரும்.

பெஞ்சுரு பிரைம் மூவர்:

நான் ஓட்டுவது பிரைம் மூவர், கன்டெய்னர் டிரெய்லர் இழுக்கிற தலை லாரி. எங்கள் பக்கம் அளவு வேறு, பிரச்சினை அதேதான். பட்டை ஸ்பிரிங் வண்டியிலிருந்து ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு மாறினேன். டிரெய்லர் மாட்டும்போது வண்டியை இறக்கி உள்ளே நுழைந்து ஏற்றிக்கொள்ளலாம், முதுகும் பிழைத்தது. ஆனால் உயரத்தில் கண் வேண்டும். 9 அடி 6 அங்குல ஹை கியூப் கன்டெய்னர் 2.9 மீட்டர். டிரெய்லர் தளம் ஒன்றரை மீட்டர் என்றால் மொத்தம் 4.4. இங்கே 4.5 மீட்டரைத் தாண்டினால் பாதுகாப்பு வண்டி இல்லாமல் சாலையில் போக முடியாது. கையில் இருப்பது பத்து சென்டிமீட்டர். உயரத்தைச் சமமாக வைக்கிற லெவலிங் வால்வு ஒட்டிக்கொண்டு பின்பக்கம் தூக்கியபடியே நின்றால் அந்தப் பத்தில் பெரும்பகுதி போய்விடும். காலையில் வண்டியைச் சுற்றி வரும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியையும் ஒரு பார்வை பாருங்கள்.

உட்லண்ட்ஸ் டி-மேக்ஸ்:

இரண்டு கேள்வி. என் வண்டிக்கு சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்று) முடிய இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது, புது செட் போடுவது வீணா? இன்னொன்று, முன் சக்கரத்துக்கு எடையைத் திருப்பித் தருகிற வெயிட் டிஸ்டிரிபியூஷன் ஹிட்ச் என்று வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிறார்களே, அதைக் கம்ப்ரசருக்குப் போடலாமா?

துவாஸ் பிக்கப்:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன் புரோ. புதுப்பிக்கப் போவதில்லை என்றால் ரப்பர் முட்டு போதும், கழற்றி அடுத்த வண்டிக்கும் பொருந்துமா என்று மட்டும் பாருங்கள். புதுப்பிப்பதாக இருந்தால் செட் மாற்றலாம். பத்து வருடம் தாண்டிய சரக்கு வண்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன் போகணும், தளர்ந்த பட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டிருக்க முடியாது. எதைப் போட்டாலும் அந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பக்கத்தில் முன்பே பார்த்துவிடுங்கள். இரண்டாவது கேள்வி பட்டறை அண்ணனுக்கு.

சுங்கை காடுட் பட்டறை:

வளையக் கொக்கி உள்ள கம்ப்ரசருக்குப் போட முடியாது தம்பி. அந்த ஹிட்ச்சின் கம்பிகள் டிரெய்லரின் ஏ வடிவச் சட்டத்தில் இரண்டு பக்கமும் பிடிக்கணும், கம்ப்ரசருக்கு இருப்பது ஒற்றைக் கம்பு. ஓவர்ரன் பிரேக்கில் கம்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் பிரேக் பிடிக்கும், அதையும் இது தடுத்துவிடக்கூடும். கொக்கியின் உயரத்தை மாற்றி டிரெய்லரை மட்டமாக நிற்க வை, கனத்தைக் கேபின் பக்கம் தள்ளு. செட் மாற்றினால் பட்டையை ஆக்சிலோடு பிடிக்கிற பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போட விடாதே, புதுசு கேள். கொஞ்ச தூரம் சுமையோடு ஓட்டிவிட்டு ஒரு நாள் வா, எல்லாவற்றையும் திரும்ப ஒரு இறுக்கு இறுக்கித் தருகிறேன்.