டெலிவரி சென்டர் எதிர்ப்பு: உங்க ஏரியா போஸ்ட்மேன் என்ன சொன்னார்?

மாம்பலத்தான்
விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நாலஞ்சு போஸ்ட் ஆபீஸ் டெலிவரியை ஒரே சென்டருக்கு மாத்திட்டு, பழைய ஆபீஸை வெறும் கவுன்ட்டரா விட்டுடறாங்க. அதுக்கு எதிர்ப்பா எங்க தெருவுக்கு வர்றவர் கறுப்பு பேட்ஜ் குத்திட்டு வந்தார். "என்னண்ணே இது?"ன்னேன். பதிலுக்கு ஒரு கவரை நீட்டினார். நம்பர் 14, தெருப் பேரு, சென்னை 600033. அவ்வளவுதான்.

"இந்தத் தெருவுல ரெண்டு 14 சார். பழைய 14 மாவு மில்லு, புது 14 உங்க வீடு. பேரைப் பார்த்தா மில்லுக்காரர் மருமக. சென்டர்லேர்ந்து புதுசா வர்ற பையன் இதை எங்க போடுவான், சொல்லுங்க?"

சொல்லத் தெரியல எனக்கு. அவர் மில்லுக்குப் போயிட்டார். இன்னும் அதே யோசனை. உங்க பக்கம் என்ன நடந்தது?

கீபோர்டு குமார்
சென்டிமென்ட் போதும் ப்ரோ. கொரியர் பசங்க புது ஏரியாவுல போன் பண்ணிக் கேட்டே கொடுத்துடறாங்க. வேளச்சேரில நான் வீட்டுலயே உட்கார்ந்திருக்கேன், பாஸ்போர்ட் வந்த ஸ்பீட் போஸ்ட்டுக்கு "கதவு பூட்டியிருந்தது"ன்னு ஸ்டேட்டஸ். ஓடிப்போய் கேட்டா, போஸ்ட்மேன் யூனியன் கேட் மீட்டிங்ல இருக்காராம். கவுன்ட்டருக்குப் பின்னாடி மேஜைமேல என் கவர் கண்ணுக்குத் தெரியுது. எடுத்துக் கொடுக்க ஆளில்ல. எதிர்ப்பு எதிர்ப்புன்னு எல்லாத்தையும் எதிர்த்தா எப்படி?

எழும்பூர் பொண்ணு
குமார், மேஜைமேல கவர் வந்து சேர்றதுக்கு முன்னாடி எத்தனை கை மாறுதுன்னு தெரியுமா? எங்கப்பா ஆர்.எம்.எஸ்.ல, அதாவது ரயில்வே தபால் பிரிவுல, ஸார்ட்டர். கவரையெல்லாம் ஏரியா வாரியா பிரிக்கற வேலை. பின்கோடு வந்தது 1972ல. அதுக்கப்புறமும் ஜனங்க "மெட்ராஸ்-17"னுதான் எழுதினாங்க, சிலர் "பனகல் பார்க் பக்கம்"னு மட்டும் எழுதுவாங்க. அதெல்லாம் அப்பா கைக்கு வந்தா அலமாரில சரியான ஏரியா அறையில விழுந்துடும். மெஷின் வந்தப்போ கையெழுத்து புரியாததெல்லாம் திரும்ப அவங்க கிட்டதான் வந்ததாம்.

2010க்கு அப்புறம் ஸார்ட்டிங் ஆபீஸ்களை லெவல் 1, லெவல் 2ன்னு பிரிச்சு ஒண்ணா சேர்த்தாங்க இல்ல, அப்ப ஒரு ஆர்ப்பாட்டம். வீட்ல குரலே உசத்தாத மனுஷன் முன்வரிசைல நின்னு கோஷம் போட்டிருக்கார். சாயங்காலம் பேச்சே வரல. சைகையில உப்புத் தண்ணி கேட்டார். அம்மா சிரிச்சுட்டாங்க, அவருக்கு மூக்குக்கு மேல கோபம். இப்பவும் அதைப் பேசினா எழுந்து போயிடுவார்.

பென்ஷன் தாத்தா
நான் தி.நகர்ல தபால்காரங்க ஊர்வலத்துக்கு மோர் கொடுத்தவன். அது இருக்கட்டும்.

எல்லாரும் முதல்ல முகவரியை ஒழுங்கா எழுதக் கத்துக்குங்க. பழைய எண், புது எண் ரெண்டும் போடணும். ஃபிளாட்டுன்னா பிளாக், மாடி. பக்கத்துல கோயிலோ பள்ளிக்கூடமோ இருந்தா அதுவும். மொபைல் நம்பர் கட்டாயம். பின்கோடுல கடைசி மூணு இலக்கம்தான் டெலிவரி ஆபீஸைக் காட்டும், அதுல தப்பு வந்தா கவர் ஊர் சுத்தும். ஸ்பீட் போஸ்ட் ரசீதைத் தூக்கிப் போடாதீங்க. அதுல 13 எழுத்து இருக்கும், ரெண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில ஐஎன். அது இல்லாம புகார் கொடுத்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க. ரிஜிஸ்டர் போஸ்ட்டையே எடுத்துட்டாங்கன்னு என் தம்பி பொண்டாட்டி புலம்பறா. எடுக்கலைம்மா. 2025 செப்டம்பர்ல ஸ்பீட் போஸ்ட்டோட சேர்த்தாங்க. பதிவு வேணும்னா மேல 5 ரூபாயும் வரியும் கட்டணும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பறவங்க இதைக் கவனிக்கணும். அப்புறம் வாசல்ல ஒரு தபால் பெட்டி மாட்டுங்க. மழைக்கு மேல மூடி இருக்கணும்.

மாம்பலத்தான்
தாத்தா, பெட்டி இருக்கு. நான் கேட்டது வேற.

பை தூக்கி
நானும் போஸ்ட்மேன்தான், ஏரியா வேண்டாம். முன்னெல்லாம் காலைல பை பிரிச்சு, தெரு வரிசையா கட்டி எடுத்துட்டு இறங்கினா பீட், அதாவது நாங்க தபால் போடற தெருவெல்லாம், பக்கத்துலயே இருக்கும். இப்ப சென்டர்லேர்ந்து பீட்டுக்குப் போய்ச் சேரவே நேரம் போயிடுது, பெட்ரோல் வேற. வேலையை எதிர்க்கல. தெருவை விட்டுத் தூரமா உட்கார வைக்கறதைத்தான் எதிர்க்கறோம்.

என்னால மறக்க முடியாதது ஒண்ணு. ஓடிபி சொன்னாத்தான் கொடுக்கணும்னு அனுப்பினவங்க காசு கட்டியிருந்த கவர். வாங்க வேண்டிய அம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். கவர்மேல இருந்த நம்பர் அமெரிக்காவுல இருக்கிற பையனோடது, அங்க நடுராத்திரி, எடுக்கல. வருஷக்கணக்கா அந்தம்மா கையால தண்ணி வாங்கிக் குடிச்சவன் நான். "என்னை உனக்குத் தெரியாதாப்பா?"ன்னு கேட்டாங்க. தெரியும்மா, மெஷினுக்குத் தெரியாதேன்னேன். கவரைத் திரும்ப எடுத்துட்டு வந்தேன்.

குமார் சார், பூட்டின கதவுன்னு போடறதுல பாதி, செக்யூரிட்டி மேல விடாததுதான்.

கீபோர்டு குமார்
எங்க பிளாக்ல இன்டர்காம் இருக்கு. அடிச்சிருக்கலாமே.