பைத்தானிலிருந்து சி நூலகத்தை அழைத்தால் எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் நீளம் 2 வருகிறது, ஏன்?

கேள்வி

வணக்கம். தமிழ்ச் சொற்களைக் கையாள சி மொழியில் ஒரு சின்ன நூலகம் எழுதி, ஜிசிசி கம்பைலர் வைத்து எஸ்ஓ கோப்பாக்கி (மற்ற நிரல்கள் ஏற்றிக்கொள்ளும் நூலகக் கோப்பு), பைத்தானில் சிடைப்ஸ் (சி நூலகங்களை அழைக்கப் பைத்தானோடு வரும் தொகுதி) மூலம் அழைக்கிறேன். 64-பிட் லினக்ஸ். சி-யிலேயே ஒரு சோதனை நிரல் எழுதி அழைத்தால் எல்லாம் சரியாக வருகிறது. பைத்தானில் அழைத்தால் மூன்று ஃபங்ஷனும் மூன்று விதமாகத் தகராறு செய்கின்றன.

முதலாவது, சொல்லின் பைட் நீளத்தைச் சொல்வது. உள்ளே வெறும் எஸ்டிஆர்லென் தான், அதாவது சுழிய பைட் வரும் வரை எண்ணும் சி ஃபங்ஷன். ‘அம்மா’ கொடுத்தால் 15 வர வேண்டும், 2 வருகிறது. ‘தமிழ்நாடு’ கொடுத்தாலும் 2. எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் 2, எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் 1.

இரண்டாவது, ஒரு டபுளை (தசம எண் வகை) வாங்கி ஒரு டபுளைத் திருப்பித் தருவது. 2.5 அனுப்பினால் ஆர்க்யூமென்ட் எரர். 2 என்று முழு எண்ணாக அனுப்பினால் பிழை வரவில்லை, ஆனால் சம்பந்தமே இல்லாத ஒரு முழு எண் திரும்பி வருகிறது.

மூன்றாவது, சொல்லைத் திருத்தி, மாலக் செய்த (மெமரியில் கேட்டு வாங்கிய) இடத்தில் எழுதி, அந்த பாயிண்டரை (இடத்தின் முகவரியை) திருப்பித் தருவது. வந்ததை ஸ்ட்ரிங்-அட் (ஒரு முகவரியில் உள்ள பைட்டுகளைப் படிக்கும் சிடைப்ஸ் ஃபங்ஷன்) கொண்டு படிக்கப் போனால் செக்மென்டேஷன் ஃபால்ட், பைத்தானே செத்துவிடுகிறது. வீட்டில் உள்ள பழைய 32-பிட் மடிக்கணினியில் இது மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. நூலகத்தில் தப்பா, அழைக்கும் விதத்தில் தப்பா?

பதில் 1

நூலகத்தில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: எந்த ஃபங்ஷன் என்ன வாங்கும், என்ன தரும் என்று நீங்கள் சிடைப்ஸிடம் சொல்லவே இல்லை. எஸ்ஓ கோப்பில் ஃபங்ஷனின் பெயரும் அது இருக்கும் இடமும்தான் இருக்கும். வகைகள் எல்லாம் ஹெடர் கோப்போடு (ஃபங்ஷன் அறிவிப்புகள் இருக்கும் கோப்பு) நின்றுவிடும். சோதனை நிரலில் கம்பைலர் ஹெடரைப் படித்தது, அதனால் சரியாக வந்தது. சிடைப்ஸ் ஹெடரைப் படிக்காது. நீங்களும் சொல்லாவிட்டால் அனுப்பும் பொருளைப் பார்த்து அதுவாக ஒரு முடிவு எடுக்கும், திரும்பி வருவது இன்ட் (32-பிட் முழு எண்) என்றே வைத்துக்கொள்ளும்.

அந்த 2 எப்படி வருகிறது என்று பாருங்கள். பைத்தான் ஸ்ட்ரிங்கை அப்படியே கொடுத்தால் சிடைப்ஸ் அதை அகல எழுத்து வரிசையாக, அதாவது டபிள்யூசார் பாயிண்டராக அனுப்பும். லினக்ஸில் அப்படி ஒரு எழுத்துக்கு 4 பைட். ‘அ’-வின் யூனிகோட் எண் 2949. மெமரியில் அது 133, 11, 0, 0 என்று உட்காரும். எஸ்டிஆர்லென் முதல் சுழியத்தில் நின்றுவிடும், ஆக 2. தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இரண்டாவது பைட் 11 தான், அதனால் எந்தச் சொல்லுக்கும் அதே விடை. ஆங்கில எழுத்தில் இரண்டாவது பைட்டே சுழியம், அதனால் 1. இதே நிரலை விண்டோஸில் ஓட்டினால் ‘அம்மா’வுக்கு 10 வரும், ஏனென்றால் அங்கே அகல எழுத்து 2 பைட்.

சரி, திருத்தம் இது. நீளம் என்பது உங்கள் முதல் ஃபங்ஷன், ஆர்க்டைப்ஸ் என்பது அது வாங்கும் வகைகளின் பட்டியல், சி_சார்_பி என்பது சி-யின் சார் பாயிண்டர் (பைட் வரிசையின் முகவரி):

நீளம்.ஆர்க்டைப்ஸ் = [சி_சார்_பி]

அழைக்கும்போது சொல்லை யுடிஎஃப்-8-இல் என்கோட் செய்து பைட்ஸாகக் கொடுங்கள். ஐந்து குறிகள், ஒவ்வொன்றும் 3 பைட், 15 வந்துவிடும். இனி மறந்துபோய் ஸ்ட்ரிங்கைக் கொடுத்தாலும் 2 என்று பொய் சொல்லாது, பிழை காட்டி நிற்கும். எனக்கு இதுதான் பெரிய லாபம்.

இரண்டாவதுக்கு ஆர்க்டைப்ஸ், ரெஸ்டைப் (திரும்பி வரும் வகை) இரண்டிலும் சி_டபுள் கொடுங்கள். 64-பிட் இன்டெல், ஏஎம்டி லினக்ஸில் முழு எண்ணும் டபுளும் வேறு வேறு ரிஜிஸ்டரில் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) பயணிக்கின்றன. நீங்கள் அனுப்பிய 2 முழு எண்ணுக்கான ரிஜிஸ்டரில் போனது. ஃபங்ஷன் டபுளுக்கான எக்ஸ்எம்எம்0-வைப் படித்தது. விடையை எக்ஸ்எம்எம்0-வில் வைத்தது. சிடைப்ஸ் முழு எண் விடைக்கான ஆர்ஏஎக்ஸில் போய்த் தேடியது. அங்கே கிடந்த எதையோ எடுத்துக் கொடுத்தது.

மூன்றாவதில் 64-பிட் முகவரியை இன்ட் என்று நினைத்து 32 பிட்டாக வெட்டிவிட்டது. 32-பிட் கணினியில் வெட்ட ஒன்றும் இல்லை, அதனால் தப்பித்தது. இதற்கு ரெஸ்டைப் = சி_சார்_பி.

கேட்டவர்

மிக்க நன்றி. 15 வருகிறது, டபுளும் சரி, மூன்றாவதும் சாகவில்லை. ஆனால் பெரிய சொற்பட்டியலை ஓட்டினால் மெமரி ஏறிக்கொண்டே போகிறது. நூலகத்தில் விடுவிக்க என்று ஒரு ஃபங்ஷன் வைத்திருக்கிறேன். திரும்பி வந்த பைட்ஸை அதற்குக் கொடுத்தால் ‘இன்வாலிட் பாயிண்டர்’ என்று சொல்லி நிரல் நின்றுவிடுகிறது.

பதில் 2

மேலே சொன்னதில் கடைசி வரியை மட்டும் மாற்ற வேண்டும். ரெஸ்டைப்பில் சி_சார்_பி கொடுத்தால் சிடைப்ஸ் அந்த இடத்தில் உள்ளதைப் புதிய பைட்ஸாக நகலெடுத்துக் கொடுக்கும். மூல முகவரி உங்கள் கைக்கு வராது. நீங்கள் விடுவிக்கப் பார்த்தது பைத்தானுக்குச் சொந்தமான நகலை. மாலக் செய்த இடம் அப்படியே கிடக்கிறது, ஒவ்வொரு அழைப்புக்கும் ஒன்று சேர்கிறது. விடுவிக்கத் தேவையில்லாத, நூலகத்திலேயே நிலையாக இருக்கும் சொற்களுக்கு சி_சார்_பி போதும். உங்களுக்கு ஆகாது.

ரெஸ்டைப்பில் சி_வாய்ட்_பி (வகை குறிக்காத வெறும் முகவரி) வையுங்கள். முகவரி முழு எண்ணாக வரும், நல் பாயிண்டர் (எதையும் காட்டாத வெற்று முகவரி) என்றால் பைத்தானின் நன் வரும், அதை முதலில் சோதியுங்கள். ஸ்ட்ரிங்-அட் கொண்டு பைட்ஸை எடுத்து டீகோட் செய்யுங்கள். அப்புறம் அதே முகவரியை உங்கள் விடுவிக்கும் ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். டீகோட் பிழை தந்தாலும் விடுவிப்பு நடக்கும்படி அந்த அழைப்பை ஃபைனலியில் வைப்பது நல்லது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. விடுவிக்கும் ஃபங்ஷனுக்கும் ஆர்க்டைப்ஸ் = [சி_வாய்ட்_பி] கட்டாயம் கொடுங்கள். இல்லையென்றால் போகும் வழியில் முகவரி மறுபடியும் 32 பிட்டாக வெட்டுப்படும்.

பெயரையும் ஒருமுறை சரிபாருங்கள். ஆர்க்டைப்ஸில் கடைசி ‘எஸ்’ விட்டுப்போனாலோ, ரெஸ்டைப்பில் ஒரு ‘எஸ்’ கூடிப்போனாலோ பைத்தான் ஒன்றும் சொல்லாது. புதிய பண்பு ஒன்றைச் சேர்க்கிறீர்கள் என்று நினைத்து ஏற்றுக்கொள்ளும், பழைய கோளாறு மட்டும் தொடரும்.

பதில் 3

மூன்று ஃபங்ஷன் என்றால் மேலே சொன்னதே போதும். நூலகம் வளரப் போகிறது என்றால் சிஎஃப்எஃப்ஐ பாருங்கள், இதுவும் பைத்தானிலிருந்து சி-யை அழைக்கும் ஒரு தொகுதி. சி அறிவிப்புகளை அப்படியே ஒரு ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் வகைகளை அதுவே புரிந்துகொள்ளும். டபுள் கேட்கும் இடத்தில் 2 கொடுத்தால் 2.0 ஆக்கி அனுப்பும். சார் பாயிண்டர் கேட்கும் இடத்தில் பைத்தான் ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் டைப் எரர் தரும். மாலக் செய்ததை விடுவிக்கும் பொறுப்பு அங்கேயும் உங்களுடையதுதான்.

கேட்டவர்

சி_வாய்ட்_பி-யும் விடுவிக்கும் ஃபங்ஷனுக்கு ஆர்க்டைப்ஸும் கொடுத்ததும் மெமரி ஒரே அளவில் நிற்கிறது, முழுப் பட்டியலும் ஓடி முடிந்தது. எல்லா அறிவிப்புகளையும் ஒரே பைத்தான் கோப்பில், ஹெடரில் உள்ள அதே வரிசையில் எழுதி வைத்துவிட்டேன். இருவருக்கும் நன்றி. அடுத்து சிஎஃப்எஃப்ஐ-யும் முயன்று பார்க்கிறேன்.