போலி இணைப்பைக் கொண்டு செய்தி வாங்கும் நிரலைச் சோதிப்பது: வழிகாட்ட வேண்டுகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம். பைத்தானில், பிகா நூலகத்தைக் கொண்டு ராபிட்எம்கியூ (நிரல்களுக்கிடையே செய்திகளை வரிசையில் வைத்துக் கொடுக்கும் சர்வர்) வரிசையிலிருந்து செய்திகளை எடுத்துச் செயலாக்கும் நிரல் ஒன்றை எழுதிவருகிறேன். ஒவ்வொரு யூனிட் டெஸ்டுக்கும் (நிரலின் சிறு பகுதியைத் தனியே சோதிப்பது) 5672 போர்ட்டில் உண்மையான சர்வரை ஓடவிட்டால் நேரம் மிகவும் பிடிப்பதால், சர்வரோடு இணைப்பை ஏற்படுத்தும் பிளாக்கிங்கனெக்‌ஷன் வகுப்பை பேட்ச் செய்து (சோதனையின்போது மட்டும் மாற்றி), அதன் இடத்தில் போலி இணைப்பொன்றை வைத்தேன்.

எல்லாச் சோதனைகளும் பச்சை காட்டின; ஆனால் உண்மையான சர்வரோடு இணைத்த உடனேயே நிரல் டைப்எரர் தந்து நின்றுவிட்டது. செய்திகளைப் பெறத் தொடங்கும் பேசிக்_கன்ஸ்யூம் அழைப்பில், ஒப்புகை தேவையா என்பதைக் குறிக்கும் இடத்தில் நான் நோ_ஆக் என்று எழுதியிருந்தேன்; பிகா 1.0 பதிப்பிலேயே அது ஆட்டோ_ஆக் என்று பெயர் மாறிவிட்டது. எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும் போலிப் பொருளான மேஜிக்மாக் இதைக் கண்டுகொள்ளவில்லை. உண்மையான வகுப்பின் வடிவத்தையே போலியும் பின்பற்ற வைக்கும் ஆட்டோஸ்பெக் சேர்த்தும் பயனில்லை. அது இணைப்பு வகுப்பைக் காக்கிறதே தவிர, அதன் சேனல் முறை திருப்பித் தரும் பொருளுக்கு (செய்திகள் போய்வரும் தடத்துக்கு) எந்தக் கட்டுப்பாடும் விதிப்பதில்லை. ஆகவே பிளாக்கிங்சேனலுக்கும் தனியே கிரியேட்_ஆட்டோஸ்பெக் கொடுத்து அந்த ஓட்டையை அடைத்துவிட்டேன்.

விடை கிடைக்காமல் நிற்பது, இணைப்பு நடுவில் அறுபடும் நிலைதான். போலியின் ஒவ்வொரு அழைப்புக்கும் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் சைடு_எஃபெக்ட் வழியாக முதல் முறை பிழை, இரண்டாம் முறை வெற்றி என்று அமைத்து மறு இணைப்பைச் சோதிக்க முடிகிறது. ஆனால், செய்தியைச் செயலாக்கி முடித்து, அதைத் தெரிவிக்கும் பேசிக்_ஆக் ஒப்புகை சர்வரை எட்டும் முன்பே இணைப்பு போய்விட்டால், அதே செய்தி ரீடெலிவர்டு (மீண்டும் அனுப்பப்பட்டது) குறியோடு மீண்டும் வரும். ஒப்புகையில் செய்தியை அடையாளம் காட்டும் பழைய டெலிவரி டேக் எண் புதிய சேனலில் செல்லாது. இந்த நடத்தையைப் போலிப் பொருளில் நம்பகமாக எப்படிக் கொண்டுவருவது? இவை பணம் சார்ந்த செய்திகள் என்பதால், ஒன்றுகூட இருமுறை செயலாகிவிடக் கூடாது. இதற்கெனப் போலி வகுப்பைக் கையாலேயே எழுதி வைத்திருப்பவர்களோ, இந்த ஒரு நிலையை மட்டும் டாக்கரில் (நிரல்களைத் தனிப் பெட்டகத்தில் ஓட்டும் கருவி) சர்வரை ஓட்டிச் சோதிப்பவர்களோ தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.