பின் கதவில் அவசரத் திறப்பு எங்கே? (உடனே பதில் வேணும்)

கார்த்தி டல்லஸ்: எலக்ட்ரிக் கார், செகண்ட் ஹேண்ட். கரண்ட் போனா பின் சீட்ல இருக்கிற பிள்ளைங்க எப்படி இறங்குவாங்க? முன்னாடி லீவர் இருக்கு, பின்னாடி ஒண்ணும் காணோம். நாளைக்குக் காலையில கிளம்பணும்.

மெக் ரவி: எந்தக் கார், எந்த வருஷம்?

வோல்ட் மாமா: மேனுவலைப் புரட்டிப் பார்க்கிற பழக்கமே போச்சு. கதவுப் பூட்டுக்குக் கரண்ட் வண்டியை ஓட்டுற பெரிய பேட்டரியிலிருந்து வராது, தனியா இருக்கிற சின்ன 12 வோல்ட் பேட்டரியிலேருந்துதான். ஓய்வில் 12.6 காட்டணும். 12க்குக் கீழே போனா மாத்துங்க, முடிஞ்சது.

சுடர்: மோதல்ல ஒயரே அறுந்தா புது பேட்டரி என்ன பண்ணும் மாமா?

கார்த்தி டல்லஸ்: டெஸ்லா மாடல் ஒய்.

மெக் ரவி: வருஷம்??

கார்த்தி டல்லஸ்: 2021

மெக் ரவி: பின் கதவுப் பாக்கெட் அடியில இருக்கிற விரிப்பை (மேட்) எடுங்க. சிவப்பா ஒரு நாக்கு தெரியும். அதை அழுத்தினா சின்ன மூடி கழன்று வரும். உள்ளே இருக்கிற கேபிளை வண்டியோட முன்பக்கமா இழுத்தா கதவு விடும். ஆனா எல்லா மாடல் ஒய்யிலயும் இது கிடையாது. விரிப்புக்குக் கீழே வெறும் பிளாஸ்டிக்னா, முன் சீட் வழியா ஏறித்தான் இறங்கணும். முன் லீவரையும் சும்மா சும்மா இழுக்காதீங்க. கண்ணாடி இறங்காம கதவு திறந்தா மேல் பட்டி அடிபடும்.

நெய்வேலிக்காரன்: எதுக்கு இவ்வளவு? ஒரு சுத்தியல் வெச்சுக்கோங்க.

சுடர்: லேமினேட்டட் கண்ணாடின்னா (நடுவுல பிளாஸ்டிக் படலம் வெச்சு ஒட்டினது) சுத்தியல் வேலைக்காகாது. 2019ல அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ட்ரிபிள் ஏ, கண்ணாடி உடைக்கிற ஆறு கருவியைச் சோதிச்சது. டெம்பர்டு கண்ணாடியை (உடைஞ்சா சின்னத் துண்டுகளா நொறுங்குறது) நாலு கருவி உடைச்சது, லேமினேட்டடை ஒண்ணுகூட உடைக்கலை. எந்த வகைன்னு கண்ணாடி மூலையில அச்சிட்டிருக்கும். டெம்பர்டுன்னா நடுவுல அடிக்காதீங்க, ஓரத்துல அடிங்க.

வோல்ட் மாமா: வெளியே நிக்கிறவனுக்கு வழி யாரும் சொல்லலையே. முன் பம்பர்ல இழுவைக் கொக்கி மாட்டுற இடத்து மூடிக்குப் பின்னாடி சிவப்பு, கறுப்பு ஒயர் இருக்கும். வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தா முன் பானெட் திறக்கும், 12 வோல்ட் பேட்டரி அதுக்குள்ளதான். படிச்சவங்களுக்குத் தெரியும்.

சுடர்: அது பானெட்டை மட்டும்தான் திறக்கும், பேட்டரி சார்ஜ் ஆகாது. அதுவும் பேட்டரி செத்திருந்தாத்தான். வெயில்ல குழந்தை உள்ளே இருக்கும்போது இதுக்கெல்லாம் நேரம் ஏது? வெளிக் கைப்பிடி வேலை செய்யலைன்னு இதே 2021 மாடல் ஒய் சுமார் 1.74 லட்சம் வண்டி மேல 2025 செப்டம்பர்ல அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணை தொடங்கிச்சு. குழந்தையை வெளியே எடுக்கச் சில பெற்றோர் கண்ணாடியை உடைச்சிருக்காங்க.

நெய்வேலிக்காரன்: சீனாவுல 2027 ஜனவரி 1 முதல் கார் கதவுக்கு உள்ளேயும் வெளியேயும் மெக்கானிக்கல் திறப்பு கட்டாயம்.

வோல்ட் மாமா: வெளியே நீட்டாம கதவோட பொதிஞ்ச கைப்பிடி காத்துத் தடையைக் குறைக்கும் தம்பி. ரேஞ்ச் (ஒரு சார்ஜ்ல ஓடுற தூரம்) வேண்டாமா?

சுடர்: கைப்பிடி பொதிஞ்சிருக்கிறது வேற, பின்னாடி கேபிள் இல்லாதது வேற. உள்ளே ஒரு கேபிள் வெச்சா எந்தக் காத்து தடுக்கும்?

வோல்ட் மாமா: ஏரோடைனமிக்ஸ் தெரியாதவங்களோட பேசிப் பயனில்லை.

கார்த்தி டல்லஸ்: வலது பக்கம் மூடி இருக்கு, கேபிள் வருது. நன்றி.

மெக் ரவி: இடது பக்கம்? பிள்ளைங்களுக்கு என்ன வயசு? அந்த மூடியை அவங்களே கழற்ற முடியுதான்னு கிளம்பறதுக்கு முன்னாடி பாருங்க.