பழைய பைபர் போட் எடுக்க முதல் என்னத்தைப் பாக்கவேணும்?

சிலாவத்தைப் பெடியன்:
வணக்கம் அண்ணைமார். அத்தான் நாயாத்துப் பக்கம் ஒரு 19 அடி பைபர் போட் பாத்து வச்சிருக்கிறார், யமஹா 25 மிசினோட. இவ்வளவு நாளும் சம்மாட்டிமாரோட, அதுதான் போட் முதலாளிமாரோட, பங்குக்குப் போனவர், இப்பதான் அக்கான்ர தாலிக்கொடியை அடைவு வச்சு சொந்தமா ஒண்டு எடுக்கப்போறார், வாடை முடிஞ்சு கடல் அடங்கினோடன இறங்கவேணும் எண்டு நிக்கிறார். போட் நீலப் பெயின்ற் அடிச்சு மினுங்குது, அதுதான் எனக்குப் பயமாயிருக்கு. ஆருக்கும் காட்டலாமோ, இல்லாட்டி நாங்களே என்னத்தைப் பாக்கலாம்?

அலம்பில் பைபர் வேலை:
தம்பி பயந்தது சரி. புதுப்பெயின்ற் எண்டா முதல் கடையால் பலகையைப் பாருங்கோ, மிசின் பூட்டுற இடம். பைபருக்குள்ள பலகை வச்சுத்தான் அதைக் கட்டியிருப்பினம், போல்ட் ஓட்டையால தண்ணி இறங்கி உள்ள உக்கிப்போனா வெளியால ஒண்டும் தெரியாது. சுத்தியல் பிடியால மெதுவாத் தட்டிக்கொண்டு போங்கோ, நல்ல இடம் கணீரெண்டு கேக்கும், உக்கின இடம் தொப்பெண்டு கேக்கும். பிறகு மிசினைத் தூக்கிவிட்டு மிசின்ர காலை, அதுதான் தண்ணிக்குள்ள இறங்கிற கீழ்ப்பகுதியை, பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டேக்க பலகையும் சேந்து அசைஞ்சா விட்டிடுங்கோ.

போட்டைச் சரிச்சு அடிப்பக்கமும் பாக்கவேணும். எங்கட கரையில மணலில இழுத்து இழுத்தே ஏராவில, அதுதான் போட்டின்ர அடி நடுமுதுகில, பைபர் நூல் வெளிக்கிட்டிருக்கும், அதால தண்ணி உள்ள போகும். தண்ணி வடியவிடுற ஓட்டைத் தக்கையைக் கழட்டி ஒரு இரவு கரையில விடுங்கோ, காயவச்ச போட்டில விடியவும் தண்ணி வடிஞ்சா உள்ளுக்கு இருக்கிற போம் ஊறிப்போச்சு. அந்த போட் பாரமாயிடும், எண்ணெயும் கூடக் குடிக்கும், கவிழ்ந்தா மிதக்கிறதுக்கு வச்ச போமே உதவாது. சுனாமிக்குப் பிறகு அவசரமாக் கட்டிக் குடுத்த போட்டுகளில கனக்க தரமில்லாமல் வந்தது, அதனால எப்ப கட்டினது எண்டும் கேளுங்கோ.

மிசின்காரன்:
மிசினுக்கு நான் சொல்லுறன். முதல்நாள் ஓடாமல் விடச்சொல்லி, போய்க் கையால தொட்டு குளிரா இருக்கோ எண்டு பாத்துட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணச் சொல்லவேணும், ஏனெண்டா முன்னமே சூடாக்கி வச்சா எந்தக் கெட்ட மிசினும் டக்கெண்டு பிடிக்கும். ஸ்டார்ட் ஆனோடன பக்கத்தால தண்ணி பீச்சுதோ பாருங்கோ, பீச்சாட்டி பம்ப் இல்லாட்டி வழி அடைச்சிருக்கு. கியர் ஒயில் ஸ்க்ரூவை கொஞ்சம் இளக்கினா வாறது பால் மாதிரி இருந்தா சீல் போய் உப்புத்தண்ணி உள்ள போயிருக்கு. 25 இல ரெண்டு சிலிண்டர், கம்ப்ரசன் கேஜ் வச்சுப் பாக்கேக்க ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரவேணும், ஒண்டு நல்லாக் குறைஞ்சா ரிங் செலவு இருக்கு.

பிறகு ஓட்டிப் பாக்கவேணும். நந்திக்கடல் களப்புக்க ரெண்டு சுத்து ஓட்டிக் காட்டினா காணாது. நாலு பேரும் ஐஸ் பெட்டியும் ஏத்தி பெருங்கடலில அலைக்குள்ள அரைமணித்தியாலம் முழுக்கத் திறந்து ஓடுங்கோ. நான் ஒருக்கா ஆளில்லாமல் ஓட்டிப் பாத்து எடுத்த மிசின், முதல் தொழில்நாளே வலையோட நடுக்கடலில நிண்டுட்டு, விடியும் வரை நங்கூரத்தில கிடந்தம்.

முள்ளியவளை அக்கா:
கடதாசியை மறக்காதேங்கோ தம்பி. 1996 ஆம் ஆண்டு கடற்றொழில் சட்டப்படி போட் பதிஞ்சிருக்கவேணும். போட்டில எழுதின நம்பரும் பதிவிலை இருக்கிற நம்பரும் ஒண்டோ, விக்கிறவற்ர பேரோ பதிவிலை இருக்கு, மிசின் நம்பர் தகட்டில சுரண்டாமல் இருக்கோ எண்டு பாத்து, கடற்றொழில் திணைக்களக் கந்தோரிலை கேட்டிட்டு பேர் மாத்தினோடதான் முழுக்காசையும் குடுங்கோ. எங்கட வீட்டில பேர் மாத்தாமல் எடுத்து பிறகு அலைஞ்சது காணும்.

சிலாவத்தைப் பெடியன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று அத்தானோட போய் தட்டிப்பாத்தம், கடையால் இடப்பக்கம் தொப்பெண்டுதான் கேட்டது, போல்டைக் கழட்ட மண்ணிறத் தண்ணி வந்தது. விக்கிறவர் விலை குறைக்கிறன் எண்டார், அத்தான் வேண்டாமெண்டு வந்திட்டார். அலம்பில் அண்ணை, பலகை மாத்தி ரெசின் போட்டு எடுக்கிறதெண்டா எவ்வளவு முடியும் எண்டு ஒரு கணக்குச் சொல்லுவீங்களோ, அடுத்த போட்டுக்கும் உதவும்.